நானூறு கிலோ மஞ்சள் இறால்

பதினோரு வயதில் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆலோசகனாக இருந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, நியமன உத்தரவு கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. தகுதி என்று பார்த்தால் ஒரே ஒரு கட்டுரை. மஞ்சளின் மகிமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதி, முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா வாங்கியிருந்தேன். அந்தக் கட்டுரையும் என்னுடையது இல்லை. மளிகைக்கடையில் புளி மடித்துக் கொடுத்த வாரப்பத்திரிகைத் தாளில் முக்கால்வாசி அச்சாகியிருந்தது. கிழிந்துபோயிருந்த கால்வாசியை மட்டும் நானே இட்டுக்கட்டினேன். பிற்பாடு எழுதிப் பிழைக்கலாம் என்று வந்த பிறகும் ஏறக்குறைய இந்த விகிதாசாரத்தைத்தான் கடைப்பிடித்து வருகிறேன்.

எங்கள் ஊர் திருப்போரூருக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டி இருந்தது. அப்பா வரப்புக் கட்டுவதில் பேர் வாங்கியவர். அவர் கட்டிய வரப்பில் ஒரு முழம்கூட எங்களுக்குச் சொந்தமில்லை என்பது வேறு விஷயம். ஒரு கோடையில் மண்வெட்டும் இயந்திரங்கள் வந்தன. அடுத்த கோடையில் நெல் இருந்த இடத்தில் உப்புத்தண்ணீர் நின்றது. நிலத்துக்காரர்கள் எல்லாரும் இறால் வளர்க்கக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நாற்பது பேர் நடவு நட்ட இடத்தில் குட்டையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் போதும் என்றார்கள். அந்த மூன்று பேரும் வெளியூர்.

அப்பாவுக்கு ஐஸ் வண்டி மிதிக்கிற வேலை கிடைத்தது. பகலெல்லாம் ஐஸ் பாளங்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, கைகளை வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெல் விளைந்தால் யார் தின்றாலும் இங்கேதான் தின்றான், இது விளைவது இங்கே, தின்கிறவன் எவன் என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொள்வார். அந்த ஆளை ஒருநாள் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை.

நடவு போன இடத்தில் பெண்களுக்கு இறால் உரிக்கிற வேலை வந்தது. தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, வரிசையாக நீள மேசைகள். அம்மாவும் அவளுடைய அக்காவான என் பெரியம்மாவும் அங்கேதான் உரித்தார்கள். ஒரு பேசின் உரித்தால் இவ்வளவு என்று கூலி. ஐஸிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஆனாலும் நடவு போல வருஷத்தில் கொஞ்ச நாள் அல்ல, நாள்தோறும் வேலை. எங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததே அந்தக் கொட்டகையால்தான். அது போனால் திரும்பிப் போவதற்கு வயல் இல்லை.

தொல்லை என்னவென்றால் சட்டங்கள். எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிற வியாபாரி பேக்ஸ் அனுப்புவார். மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமைதோறும் ஒரு புதுச் சட்டத்தை அறிவிப்பார். இந்த மேஸ்திரி, நிலத்தைக் குத்தகைக்கு விட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பத்தாவது வரை படித்தவர், ஆகவே பேக்ஸ் அவருக்குப் பாதி புரியும். ஒரு வாரம் பூ கூடாது. அடுத்த வாரம் வளையல் கூடாது. அதற்கடுத்த வாரம் தாலிக்கயிற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டவேண்டும். கையுறை போடு என்றார்கள், கையுறையோடு உரித்தால் பேசின் நிறையவில்லை என்று கழற்றச் சொன்னார்கள், மறுபடி போடு என்றார்கள். நெற்றிப்பொட்டு உதிர்ந்து இறாலில் விழுந்துவிடுமாம், அதனால் பொட்டும் கூடாது என்று வந்த அன்றைக்குப் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் எறா துன்றதுக்கு நான் இன்னாத்துக்குய்யா புருசன் செத்தவ மாரி குந்தணும்?" என்று கேட்டாள்.

பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார் என்பது மட்டுமல்ல, கொட்டகை வாசலிலேயே பீடி குடித்துக்கொண்டு இருந்தார். மேஸ்திரி பேக்ஸைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு திங்கட்கிழமை அவர் சட்டம் எதுவும் சொல்லாமல் நின்றார். எல்லாரும் கையை நிறுத்திய பிறகு சொன்னார். "ரெண்டு கண்டெய்னரு திரும்பி வந்துகினு கீது. எறால கிருமி கீதாம். சனிக்கெழம ஒரு ஆளு பாக்க வர்றான். அவன் சரின்னு சொன்னா ஷெட்டு நடக்கும். இல்லன்னா பூட்டுதான்."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கிருமி என்றால் என்ன என்பதுதான் பேச்சு. அம்மா அது புழுவா என்று என்னைக் கேட்டாள். கண்ணுக்குத் தெரியாது என்றேன். கண்ணுக்குத் தெரியாததை அவன் எப்படிப் பார்த்தான் என்றாள் பெரியம்மா. அதற்கென்று ஒரு கண்ணாடி இருக்கிறது என்றேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால் யார் வீட்டில்தான் அழுக்குத் தெரியாது என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, மஞ்சள் தலைசிறந்த கிருமிநாசினி என்றும், நம் முன்னோர் இதை மேனாட்டாருக்கு முன்பே அறிந்திருந்தனர் என்றும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அதில் முன்னோர் பகுதி நான் இட்டுக்கட்டியது.

நான் நோட்டை மூடினேன். பிறகு பெரியம்மா மெதுவாகச் சொன்னாள்.

"ஏண்டி, வூட்ல மீன் ஆஞ்சா மஞ்சளும் உப்பும் போடாம கழுவுவோமா? நாய்கூட துன்னாது. அங்க வெறும் பிளீச்சிங் தண்ணில அலசி அலசி அனுப்பிகினு கீறோம். கிருமி வராம இன்னா வரும்?"

அவ்வளவுதான். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இத்தனை நாளாக இந்தக் கம்பெனி ஆம்பளைகளுக்கு மீன் கழுவத் தெரியவில்லை, அதுதான் சங்கதி. மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சொன்னால் அவர் பேக்ஸைத்தான் பார்ப்பார், அதில் மஞ்சள் இருக்காது, வேண்டாம் என்று முடிவாயிற்று. வருகிறவன் இறாலைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவனே கேட்கட்டும்.

எவ்வளவு மஞ்சள் என்கிற கணக்கு என்னிடம் வந்தது. சனிக்கிழமை நானூறு கிலோ உரிக்கப்போவதாக அம்மா சொன்னாள். வீட்டில் அரைக் கிலோ இறாலுக்கு எவ்வளவு போடுகிறாள் என்று கேட்டு, கரண்டியை கிராமாக்கி, கிராமைக் கிலோவாக்கி, ஸ்லேட்டில் இரண்டே முக்கால் கிலோ என்று விடை எழுதி அடிக்கோடிட்டேன். பெரியம்மா அதை மூன்றாக்கினாள். வெளிதேசத்துக் கிருமி கொஞ்சம் முரடாக இருக்கும் என்பது அவள் அனுமானம். ஒவ்வொரு வீட்டு டப்பாவும் கவிழ்ந்தது. குறைந்ததைத் திருப்போரூர்க் கடையில் வாங்கினார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள். அம்மாவுக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோகிற சாக்கில் கொட்டகைக்குப் போனேன். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், அதுவும் ஒரு பேக்ஸ். ஐஸ் இறக்குகிற பக்கத்து ஜன்னலில் ஏறி நின்றுகொண்டேன். மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காருக்கு வழிகாட்ட மெயின் ரோட்டுக்குப் போயிருந்தார். கடைசியாக அலசுகிற சிமெண்டுத் தொட்டியில் பெரியம்மா பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்துக் கொட்டினாள். அம்மா கை விட்டுக் கலக்கினாள். கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்த இறால் எல்லாம் கூடை கூடையாக உள்ளே போய்ப் பொன்னிறமாக வெளியே வந்தது. இப்போதுதான் பார்க்க இறால் மாதிரி இருக்கிறது என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். பிளாஸ்டிக் தொப்பிக்குள்ளிருந்து அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கட்டுரையாளனுக்கு அதற்குப் பிறகு அப்படியொரு வரவேற்பு எங்கேயும் கிடைத்ததில்லை.

வருகிறவர் வெள்ளைக்காரர் என்று ஊரே நம்பி, பிள்ளைகள் எல்லாம் காருக்குப் பின்னால் ஓடி வந்திருந்தார்கள். இறங்கியவர் எங்கள் அப்பாவைவிடக் கறுப்பு. தூத்துக்குடிக்காரராம், வெள்ளைக்காரருக்காகப் பார்க்கிற ஆளாம். பிள்ளைகள் ஏமாந்து கலைந்தார்கள். அவர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார், மேசையைப் பார்த்தார், நின்றார். ஒரு இறாலை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"என்னவே இது, எறாலா பஜ்ஜியா?"

மேஸ்திரி மேசையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தண்ணீரை ஊற்றி அலசச் சொன்னார். அலசினார்கள். மஞ்சள் எங்கே போகும்? மேஸ்திரியின் வெள்ளைச் சட்டைக்குத்தான் கொஞ்சம் போயிற்று. யார் போட்டது என்று கேட்டார். கத்தவில்லை, கேட்கத்தான் செய்தார். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா தரையைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

நான் தயாராக இருந்தேன். கட்டுரையின் முதல் வரி வாயில் வந்து நின்றது. இந்தத் தூத்துக்குடிக்காரருக்கு விஷயம் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார், ஒருவேளை இன்னொரு சோப்பு டப்பாகூடத் தரலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நாந்தான் போட்டேன்," என்றாள் அம்மா. "வூட்ல போட்ற நெனப்புல போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

எனக்குத் திக்கென்றது, பயத்தால் அல்ல. என் யோசனையை, என் கட்டுரையை, என் இரண்டே முக்கால் கிலோவை, பெற்ற தாய் எல்லார் முன்னாலும் தன்னுடையது என்கிறாள். இல்லை சார், அது நான் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாயைப் பொத்தியது. ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கை. உதடு மரத்துப்போகும்வரை அவர் எடுக்கவில்லை. இறாலைத் தின்கிற தரப்பு ஆளிடம் நாலு வார்த்தை கேட்பதாக இருந்தவர், அன்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அம்மாவை அன்றே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை பேசினுக்குக் கூலி குறைந்தது. காரணம் மஞ்சள் என்றார் மேஸ்திரி. அதற்கு அடுத்த மாதம் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. அதற்கும் மஞ்சள்தான். தெருவில் பாதிப்பேர் கல் சுமக்கவும் மண் சுமக்கவும் சாலை வேலைக்குப் போனார்கள். சிலர் கேளம்பாக்கம் பக்கம் வீட்டு வேலைக்குப் பஸ் ஏறினார்கள். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிய பெரியம்மாவே இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் அம்மாவின் குடத்தை யாரும் முன்னே தள்ளிவிடமாட்டார்கள். கம்பெனியை மூடினவள் என்பதே அவள் பேராகிவிட்டது. வெளியூரிலிருந்து எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு அப்படிச் சொல்லித்தான் வழிகாட்டினார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தாள். நானோ அவளோடு நாலு நாள் பேசவில்லை. என் பேரைச் சொல்லவில்லையே என்ற கோபம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் அந்த மேஸ்திரியின் பேரனுக்குக் கல்யாணம். பத்திரிகையை ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு தேடி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் பழைய உரிக்கிற கூட்டத்தோடு போய் உட்கார்ந்துவிட்டாள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மேஸ்திரிக்கு. ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுப் பந்தியில் எங்களுக்கு இலையே கிடையாது என்பதை இருவரும் நினைத்துக்கொண்டோம், சாம்பாரைப் பற்றிப் பேசினோம்.

மாப்பிள்ளைக்கு வேலை எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு இறால் கம்பெனியாம். அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி, பத்திரிகை அடித்த வாரமே ஷிப்டைப் பாதியாக்கிவிட்டார்களாம். பெண் வீட்டுக்கு இன்னும் தெரியாது, மெல்லப் பேசு என்றார். இந்தச் சங்கடத்தில் நான் என் மனச்சுமையை வேறு இறக்கி வைத்தேன். அந்த மஞ்சள் என் யோசனை, அம்மாவுடையது அல்ல, உங்கள் கம்பெனியை மூடினவன் நான்தான் என்று சொன்னேன்.

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீயா மூடுன? நீ இன்னா அமெரிக்காவா?" என்றார்.

பிறகு, பாயசம் வருகிற வரையில், எனக்கு விளக்கினார். வேறொரு தேசத்துக்காரன் இதைவிடப் பெரிய இறாலை இதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டானாம். மஞ்சள் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே முதலாளிக்கு பேக்ஸ் வந்துவிட்டது. அந்த பேக்ஸ் மட்டும் மேஸ்திரியின் கைக்கு வரவில்லை, காதுக்கு வந்தது. கூலியைக் குறைக்கவேண்டும், பிறகு மூடவேண்டும், அதற்கொரு காரணம் பார் என்று சொல்லியிருந்தார்களாம். பூ, பொட்டு என்று இவர் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்களாகவே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினோம். அப்படியானால் திரும்பி வந்த கண்டெய்னர், அந்தக் கிருமி என்று இழுத்தேன்.

"கிருமியாவது ஒண்ணாவது. அங்க வெல எறங்குச்சின்னா இங்க கிருமி தானா வரும்."

அந்த நானூறு கிலோ மெட்ராஸில் ஒரு ஓட்டலுக்குப் போயிற்றாம். மஞ்சள் தடவியே வந்ததால் சமையல்காரருக்கு ஒரு வேலை மிச்சமாம். அம்மாவிடம் இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லி என்ன, எனக்கும் அந்த மாதத்தோடு வேலை போய்விட்டது என்றார். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்ப் பெண் வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு, தன்னுடைய பேர் ஏன் சொல்லப்படவில்லை என்று விளங்கவில்லை. அது பரவாயில்லை, பிள்ளை பெற்ற பிறகு விளங்கியது. ஆனால் அங்கே நின்றவர்களில் யாருடைய பேரும், தூத்துக்குடிக்காரருடையது உட்பட, கொட்டகையை மூடிய அந்தக் கணக்கிலேயே கிடையாது என்பது பையனுக்கு மட்டுமல்ல, இத்தனை புத்தகம் படித்த எனக்கும் அன்றுவரை விளங்கவில்லை. முப்பது வருஷம் நான் வீணாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கிறது என்பதை இப்போது பறிகொடுத்த பிறகுதான் உணர்ந்தேன்.

செங்கல்பட்டு பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, விலை அங்கே இறங்கியதால் இங்கே மூடினார்கள், மஞ்சள் ஒரு சாக்கு, நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடியிருப்பார்கள் என்று, ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்த மகனாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவள் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மா கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது கம்பெனிய மூடுனவங்கற அந்த ஒரு பேருதான். அதையும் எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற," என்றாள்.